ஒரு கிராம்

நாட்டின் வட எல்லையைப் பற்றி
முந்நூற்றிருபது பக்கம் எழுதியவள் நான்.
எல்லையைக் கண்டதில்லை.
கண்டதெல்லாம்
திருப்பூர் அங்கேரிபாளையத்தில் ஒரு தகரக் கூரை,
கூரைக்குக் கீழே சித்திரை மாதம்,
அந்தச் சித்திரையில்
மைனஸ் நாற்பதுக்கான உள்ளாடை
ஓவர்லாக் ஊசியடியில் நீண்டு போவது.

"கோட்பாடு எங்கே?" என்று
ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார் நெறியாளர்.
ஒப்பந்தப்புள்ளி நூற்றெண்பத்து நான்கு பக்கம், ஐயா.
கோட்பாடு அதிலேயே இருந்தது:
சதுர மீட்டருக்கு இருநூற்றிருபது கிராம்.
மூன்று கூடலாம், மூன்று குறையலாம்.
அரசு என்பது
மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது.

ஆய்வு அதிகாரி பக்ஷி கான்பூரிலிருந்து வந்தார்.
இளநீர்கூட வேண்டாமென்றார், நேர்மையானவர்.
பகல் ஒன்றரை. கரண்ட் இல்லை.
வட்ட வெட்டியால் ஐந்து துண்டு எடுத்துப்
பேட்டரித் தராசில் வைத்தார்.
இருநூற்றுப் பதினாறு.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.
இருநூற்றுப் பதினாறு.

ஒரு கிராம்.

"காத்துல ஈரமில்லீங்க சார், நூலு என்ன பண்ணும்?
நேத்து ராத்திரி தூறல்ல வந்திருந்தீங்கன்னா
எரநூத்திப் பத்தொம்பது காட்டியிருக்குமுங்க"
என்றார் முதலாளி பொன்னுலிங்கம்.
பக்ஷிக்குத் தமிழ் தெரியாது.
செக்கிங் வேலாத்தாள் தராசைப் பார்த்தாள்,
அடுத்த பீஸை எடுத்துப் பிசிறு வெட்டினாள்.

இணைப்பு 'ஈ', பத்தி ஒன்பது:
எடை போடுமுன் துணியை
அறுபத்தைந்து விழுக்காடு ஈரக் காற்றில்
ஒருநாள் முழுக்கக் கிடத்த வேண்டும்.
அந்த அறை யார் செலவில் என்று
எந்தப் பத்தியிலும் இல்லை.

பதினோராயிரம் உருப்படி
'நிராகரிக்கப்பட்டது' முத்திரையோடு
காதர்பேட்டைக்குப் போனது.
அங்கே கிலோ கணக்கு.
கிராமை யாரும் கேட்கவில்லை.

படைத்துறைக் கொள்முதலில் பொறுப்புடைமை
என்னும் ஆறாம் அத்தியாயத்தில்
நாலு பக்கம் எழுதினேன் இதை.
"இது சம்பவம். சான்று அல்ல" என்றார் நெறியாளர்.
நாலு பக்கம் நாலு வரியாகி
நூற்றுப் பதிமூன்றாம் அடிக்குறிப்பில் இறங்கியது.
எட்டுப் பாயிண்ட் எழுத்தில்
பொன்னுலிங்கத்தின் கம்பெனிக்குப் பூட்டு.

காதர்பேட்டையில்தான் அத்தியப்பனைப் பார்த்தேன்.
சங்ககிரி வண்டி, பன்னிரண்டு சக்கரம்.
உள்ளங்கையில் உரசிப் பார்த்து
மூன்று ஜோடி எடுத்தார்.
இந்த வெயிலுக்கு எதுக்குங்க?
"லடாக் லோடுங்க அம்மிணி.
கணவாயில பனி உளுந்தா மூணு நாளு வண்டி நிக்கும்.
பட்டாளத்து வண்டிய மொதல்ல உடுவாங்க,
நாம ஓரங்கட்டி நிக்கோணும்."
என்ன லோடு?
தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னார்:
"சீல் வெச்சதுங்க. நாம பிரிக்கறதில்ல."

வாய்மொழித் தேர்வில்
வெளித்தேர்வாளர் அடிக்குறிப்பு வரை படித்திருந்தார்.
"அந்த ஆடை களத்தில் தாங்கியிருக்குமா?"
களத்துக்குப் போயிருக்கிறது, ஐயா,
பட்டியலில்தான் இல்லை என்றேன்.
புருவத்தைத் தூக்கினார், பென்சிலால் ஏதோ குறித்தார்.
அதற்குப் பிறகு கேட்டதெல்லாம்
மேற்கோள் பட்டியலின் அகர வரிசையைப் பற்றி.

பட்டம் கிடைத்தது.

இப்போது ஆடி.
பாலக்காட்டுக் கணவாய் வழியாக
சாரலை மோந்துகொண்டு வருகிறது காற்று.
நானும் ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தேன்.
முழங்கைப் பக்கம் வட்டமாக வெட்டி
நகைக்கடைக்காரரைக் கெஞ்சித் தராசில் வைத்தேன்.
கணக்குப் போட்டால் இருநூற்றுப் பதினெட்டு.
யாருக்கு எழுதுவது?

மிச்சம் கொடியில் ஆடுகிறது, முழங்கையில் ஓட்டையோடு.
நாலு துவைப்பு ஆயிற்று,
முத்திரை மட்டும் போகவில்லை.
நல்ல மை.
அதற்கும் எங்கேயோ ஒரு டெண்டர் விட்டிருப்பார்கள்.